ஏழாயிரத்து நூற்றுப் பதினேழாவது வரி

விருத்தாசலம் கடைவீதியில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில், பழுதான கம்ப்யூட்டர்களைச் சரிசெய்யும் குரு ஒருவர் இருந்தார். பெயர் ரஹ்மத் நிஷா. வயது முப்பத்திரண்டு. செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்டெடுப்பதில் கெட்டிக்காரர். கல்யாண வீடியோ, ஆய்வேடு, குழந்தையின் முதல் சிரிப்பு என்று எதையாவது பறிகொடுத்தவர்கள் அந்தப் படிகளில் மெதுவாக ஏறுவார்கள். சிலர் இறங்கும்போது வேகமாக இறங்குவார்கள்.

அவருடைய சீடருக்கு வயது அறுபத்து நான்கு. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பெயர் தட்சிணாமூர்த்தி. ஆலமரத்தடியில் முதிய சீடர்கள் சூழ இளைஞராக அமர்ந்திருக்கும் குருவின் பெயர் அது. இங்கே இடம் மாறிச் சீடருக்கு வாய்த்துவிட்டது. பெற்றோரைக் குறைசொல்ல முடியாது. பெயர் வைத்தபோது குரு பிறக்கவில்லை.

அவர் சீடரானது ஒரு விபத்தால். வீட்டுக் கம்ப்யூட்டர் ஒருநாள் காலை நின்றுபோனது. அதற்குள் ஓர் அகராதி இருந்தது. கீமேன், கேங்மேன், பாயின்ட்ஸ்மேன் என்று தண்டவாளத்தோடு பிழைத்தவர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்ட சொற்கள். அதிகாரிகளுக்குத் தெரியாதவை, சில அதிகாரிகளைப் பற்றியவை. இருபத்து மூன்று ஆண்டுகளாக ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேர்த்திருந்தார். குரு பதினொரு நாள் போராடி அதை உயிரோடு எடுத்துக் கொடுத்தார்.

கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்சிணாமூர்த்தி கேட்டார்.

"அம்மா, இது இனிமே தொலையாம இருக்க என்ன செய்யணும்?"

"நாளைக்கு வாங்க சார். அதுக்குள்ள உங்களுக்குத் தோணினதைச் செஞ்சு எடுத்துட்டு வாங்க."

மறுநாள் அவர் ஒரு சின்ன ஜிப் பையோடு வந்தார். அதற்குள் ஐந்து பென்டிரைவ்கள். ஐந்திலும் அகராதி. ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டியிருந்தார்.

"அஞ்சு நகல்," என்றார். பெருமையை மறைக்க முயன்று தோற்ற குரல்.

"பையை எங்க வைப்பீங்க?"

"கம்ப்யூட்டர் மேசை டிராயர்ல."

குரு பையை வாங்கினார். எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கம்பிகளுக்கு இடையில் கையை நீட்டி, பையை வெளியே பிடித்தார். கீழே கடைவீதி. கரும்புச்சாறு வண்டி, ஆட்டோ, சாக்கடை.

"சார், உங்ககிட்ட இப்ப எத்தனை நகல் இருக்கு?"

"அஞ்..." என்று தொடங்கிய தட்சிணாமூர்த்தி அந்தக் கையைப் பார்த்தார். ஒரே கை. இரண்டு விரல்.

"ஒண்ணு," என்றார்.

குரு பையை உள்ளே எடுத்து அவர் மடியில் வைத்தார். "விரல் வலிக்குது சார். போய்ட்டு வாங்க."

அவர் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து, ஆடி பிறப்பதற்குச் சில நாள் முன்பு, மீண்டும் படியேறி வந்தார். கையில் நீளமான பதிவேடு ஒன்று இருந்தது. பணிக்காலம் முழுவதும் நீல மையில் எழுதியவர். பச்சை மை பெரிய அதிகாரிகளுக்கு உரியது என்ற மரபை ஒருநாளும் மீறாதவர். ஓய்வுபெற்ற மறுநாள் முதல் வேலையாக ஒரு புட்டி பச்சை மை வாங்கினார். அந்தப் பதிவேடு முழுக்கப் பச்சை.

"பாருங்கம்மா. மூலம் என் கம்ப்யூட்டர்ல. ஒரு நகல் வீட்டு பீரோவுல தனி டிஸ்க்ல, தினமும் காலை ஆறு மணிக்கு. ஒண்ணு இன்டர்நெட்ல, அது தானாவே போயிடும். ஒண்ணு நெய்வேலியில என் மச்சான் வீட்டுல, மாசத்துல முதல் ஞாயிறு நானே போய் மாத்திட்டு வருவேன். ஒண்ணு புனேயில என் பொண்ணு சித்ரகலா வீட்டுல. பொங்கலுக்கு ஒருதரம், ஜூன்ல ஒருதரம் டிஸ்க் அனுப்புவேன். பழசு மேல புதுசைப் பதிஞ்சுட்டு எனக்கு போன்ல சொல்லணும். சொன்னதும் இங்க டிக்."

குரு பக்கங்களைப் புரட்டினார். தேதி, நேரம், கோப்பின் அளவு, மொத்த வரிகள், கையெழுத்து. ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஒரே ஒரு நாள் கையெழுத்து கோணலாக இருந்தது. ஓரத்தில் 'காய்ச்சல் 102' என்று குறிப்பு.

"அஞ்சும் எப்பவும் ஒரே மாதிரி இருக்கும்," என்றார் தட்சிணாமூர்த்தி. "திங்கக்கிழமை அகராதியை அச்சுக்கு அனுப்பறேன். பென்ஷன்காரங்க சங்கத்துல நானூறு பேர் எப்ப வரும் எப்ப வரும்னு கேட்கறாங்க. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். இதுல ஏதாவது குறை இருக்கா?"

குரு பதிவேட்டை மூடினார்.

"சார், நீங்க ஸ்டேஷன்ல இருந்தப்ப ஒரு வண்டியை அடுத்த ஸ்டேஷனுக்கு எப்படி அனுப்புவீங்க?"

"லைன் கிளியர் வாங்கித்தான்."

"எப்படி வாங்குவீங்க?"

"போன் போட்டுக் கேட்பேன். பாதை காலியா இருந்தா அந்த மாஸ்டர் சம்மதம் சொல்வார். கூடவே ஒரு நம்பர் குடுப்பார். பிரைவேட் நம்பர்னு பேரு."

"என்ன நம்பர்?"

"அவர்கிட்ட ஒரு தாள் இருக்கும். அதுல அடுத்து என்ன நம்பர் வருதோ அது. குடுத்ததும் அதை அடிச்சுடுவார். நான் இங்க எழுதிக்குவேன்."

"அந்த நம்பர் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எப்படித் தெரியும்? தெரிஞ்சா அப்புறம் அதுல என்ன இருக்கு? நானே எழுதிக்கிட்டு வண்டியை விட்டுடலாமே. அவர் நெஜமாவே அங்க உட்கார்ந்து எனக்குப் பதில் சொன்னார்ங்கறதுக்கு அதுதாம்மா அத்தாட்சி."

"உங்க நகல்களை தினமும் என்ன கேட்பீங்க?"

"அளவு கேட்பேன். மொத்த வரி எத்தனைன்னு பார்ப்பேன். தேதி பார்ப்பேன்."

"அதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமே சார்."

தட்சிணாமூர்த்தி மூடிய பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

குரு தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். "இன்டர்நெட் நகலைத் திறங்க."

அவர் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தார். குரு மரியாதையாகக் கூரையைப் பார்த்தார். அட்டவணை திறந்தது. முதல் பத்தியில் சொல். அடுத்ததில் பொருள். பிறகு சொன்னவர் பெயர், ஊர், தேதி.

"மொத்தம் எத்தனை வரி?"

"ஒன்பதாயிரத்து நானூத்தி பன்னெண்டு."

"அதுக்குள்ள ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்க."

"ஏழாயிரத்து நூத்தி பதினேழு."

குரு அந்த வரிக்குப் போனார். "மாமியார்," என்று வாசித்தார். "பொருள்: தடம் மாற்றும்போது, எண்ணெய் போட்டாலும் கிறீச்சிடும் பாயின்ட்."

குருவுக்குச் சிரிப்பு வந்தது. "நல்லா இருக்கு சார். எங்க வீட்டுல மட்டும் படிச்சுக் காட்ட முடியாது."

சீடரும் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

"வரி மாத்திப் படிக்கிறீங்கம்மா. மாமியார்னா சொல்லாம கொள்ளாம சோதனைக்கு வர்ற இன்ஸ்பெக்டர்."

"அதே வரிதான் சார்."

"கண்ணாடி போட்டுட்டுப் படிங்க."

"கண்ணாடி போட்டிருக்கறது நீங்கதான்."

அவர் குனிந்து பார்த்தார். மாமியார். தடம் மாற்றும்போது, எண்ணெய் போட்டாலும் கிறீச்சிடும் பாயின்ட். அடுத்த வரிக்குப் போனார். மிளகாய்வண்டி. பொருள்: சோற்றுத் தூக்கை வீட்டிலேயே மறந்து வந்தவன். அதற்கு அடுத்தது. முக்காடு. பொருள்: மூன்று நாள் தாமதமாக வரும் சரக்கு வண்டி.

"முக்காடுன்னா மழைக்குத் தலையில போடற சாக்கு," என்றார் தட்சிணாமூர்த்தி. யாரிடமும் சொல்லவில்லை, திரைக்குச் சொன்னார்.

அவர் விரல் மவுஸ் சக்கரத்தை உருட்டியது. ஆயிரம் வரி மேலே போனார். ஆயிரம் வரி கீழே வந்தார். ஒவ்வொரு சொல்லும் வேறொரு சொல்லின் பொருளைக் கட்டிக்கொண்டு நின்றது. சில ஜோடிகள் பொருத்தமாகவே இருந்தன. அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படாமல் போயிருக்கிறது. கடைசி ஐந்நூறு வரி மட்டும் சரியாக இருந்தது.

குரு பதிவேட்டைத் திறந்து பின்னோக்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி அவரிடம் காட்டினார். பச்சை மையில், அழகான கையெழுத்தில்: 'பிப்ரவரி 14. சொற்கள் அகரவரிசைப்படுத்தப்பட்டன. நகல்கள் அனைத்தும் ஒழுங்கு.'

"அன்னைக்கு எப்படி வரிசைப்படுத்தினீங்க சார்?"

"சொல்லு இருக்கற பத்தியைத் தேர்ந்தெடுத்து, அகரவரிசைன்னு அழுத்தினேன். ஏதோ ஒரு பெட்டி வந்து இங்கிலீஷ்ல ரெண்டு வழி சொல்லி, எதுன்னு கேட்டுச்சு."

"எதை அழுத்தினீங்க?"

"ரெண்டாவதை. எனக்கு முதல்ல வர்றதை நம்பற பழக்கம் கிடையாது."

"மத்த பத்தியையும் சேர்த்து நகர்த்தவான்னு கேட்டிருக்கு. நீங்க வேண்டாம்னிருக்கீங்க."

சொற்கள் மட்டும் எழுந்து அகரவரிசையில் போய் நின்றுகொண்டன. பொருள்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. அளவு மாறவில்லை. மொத்த வரி மாறவில்லை.

"சீட்டு, நோட்டு ஏதாவது இருக்கா சார்? கையால எழுதினது?"

"துண்டுச்சீட்டுல எழுதிட்டு வருவேன். கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் கிழிச்சுடுவேன். ஸ்டேஷன்ல காரியம் முடிஞ்ச சீட்டு கையில இருக்கக்கூடாதும்மா. அதைப் பார்த்து யாராவது வண்டியை விட்டா என்ன ஆகும்?" அவர் சட்டென்று நிறுத்தினார். "அந்தப் பழக்கம்."

குரு தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அவர் எடுக்கவில்லை. போனை எடுத்தார்.

முதலில் மனைவியை அழைத்து பீரோ டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அதிலும் மாமியார் கிறீச்சிட்டாள். பிறகு நெய்வேலி.

"மச்சான், அந்த டிஸ்க்கைப் போட்டு ஏழாயிரத்து நூத்தி பதினேழாவது வரியைப் படிங்க."

மறுமுனையில் சிறிது நேரம் தட்டும் சத்தம். பிறகு நெய்வேலி முழுக்கக் கேட்கும் சிரிப்பு. "மாமா! இதை எங்க அம்மா இருந்தப்ப எழுதியிருந்தீங்கன்னா உங்களை வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்க!"

தட்சிணாமூர்த்தி போனை வைத்தார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னுதாம்மா நான் பாடுபட்டேன்."

"ஒரே மாதிரிதான் இருக்கு சார்."



"இந்த வார்த்தைங்களைச் சொன்னவங்கள்ல பாதிப் பேர் இப்ப இல்ல," என்றார் அவர். "எனக்கே ஞாபகம் இருக்கறது எவ்வளவு? ஒரு ரெண்டாயிரம். மிச்சத்தை யார்கிட்ட போய்க் கேட்பேன்? வார்த்தை ஒரு பக்கம் இருக்கு, அர்த்தம் ஒரு பக்கம் இருக்கு. எல்லாம் இருக்கு. ஒண்ணும் இல்ல."

"புனே பாக்கி இருக்கு."

"ஜூன்ல அனுப்பினேன். பதிஞ்சுட்டேன்னு சொல்லிட்டா. டிக் இருக்கு பாருங்க." டிக் இருந்தது. ஜூன் 11. பச்சை. "என் பொண்ணு. சொன்னதைச் செய்யறவ."

"இருந்தாலும் கேளுங்க சார்."

அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். சித்ரகலா அலுவலகத்தில் இருந்தாள். பின்னால் யாரோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா இந்த நேரத்துல?"

"ஜூன்ல அனுப்பின டிஸ்க்கைப் பழசு மேல பதிஞ்சுட்டேல்ல?"

அரை நொடி. "அப்பவே பண்ணிட்டேம்ப்பா. சொன்னேனே. ஏன்?"

"ஒண்ணுமில்லம்மா. பண்ணிட்டேல்ல, நல்லது." அவர் குரல் சாதாரணமாகவே இருந்தது. முப்பத்தைந்து ஆண்டு ஒலிபெருக்கியில் வண்டித் தாமதத்தை அறிவித்த குரல். "அகராதி போயிடுச்சு. என் தப்புதான். உங்கிட்ட பழசு இருந்தா நல்லா இருக்கும்னு பார்த்தேன். நீ வேலையைப் பாரு."

போனை வைத்தார். பதிவேட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். செருப்பைத் தேடிப் போட்டார். வாசல்வரை போனபோது போன் அடித்தது.

"அப்பா." பின்னால் இந்தி இல்லை. மாடிப்படிக்கு வந்திருக்க வேண்டும். "அப்பா, திட்டாதீங்க."

"சொல்லு."

"நான் அதைப் பிரிக்கவே இல்லப்பா."

"எதை?"

"நீங்க ஜூன்ல அனுப்பின கவரை. அப்படியே மிக்ஸி டப்பாவுக்குப் பின்னால வெச்சுட்டேன். ஆபீஸ், பிள்ளைக்கு ஸ்கூல் திறக்கற நேரம்... நீங்க தினமும் போன் பண்ணிப் பதிஞ்சியா பதிஞ்சியான்னு கேட்டீங்க. நாலாவது நாள் பதிஞ்சுட்டேன்னு சொல்லிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "உங்க ரிஜிஸ்டர்ல பொய்யை எழுத வெச்சுட்டேன்ப்பா."

தட்சிணாமூர்த்தி அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"அப்ப பொங்கலுக்கு அனுப்பினது?"

"அது நான் அப்ப பதிஞ்சேன். சத்தியமா. அதுதான் இன்னும் அதுல இருக்கு."

"நெஜமாவா? இப்பவும் சமாதானத்துக்குச் சொல்றியா?"

"நெஜம்ப்பா."

அவர் முகம் என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடியது. கோபப்பட அதற்கு முழு உரிமை இருந்தது; அதே சமயம் அதன்மீது கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "கழுதை," என்றார். "முப்பத்தாறு வயசு கழுதை. அந்தக் கவரை இனிமேலும் பிரிக்காதே. புரியுதா? தொடாதே. இரு, அம்மாகிட்ட தர்றேன்."

"அம்மா அங்கயா இருக்காங்க?"

"உங்க அம்மா இல்ல. என் டீச்சரம்மா."

குரு போனை வாங்கினார். பொங்கல் டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பக்கூடாது என்றார். உலகத்தில் இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது. முதலில் அங்கேயே, எதையும் திருத்தாமல், வேறொரு இடத்தில் அதை நகலெடுக்க வேண்டும். பிறகு அந்த நகலைத் திறந்து, தான் சொல்லும் சொல்லுக்கு என்ன பொருள் இருக்கிறது என்று படித்துச் சொல்ல வேண்டும். சித்ரகலா அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டுக்குப் போனாள். மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு போன் வந்தது.

"முக்காடு," என்றார் குரு.

"மழைக்குத் தலையில் கவிழ்க்கும் கோணிச் சாக்கு," என்றாள் புனேயிலிருந்து. "மேடம், இது சரிதானே? அப்பா பக்கத்துல இருக்காரா? என்ன சொல்றார்?"

அவர் அதுவரை தொடாத தண்ணீர் பாட்டிலை முழுவதும் குடித்தார்.

அச்சகத்துக்குத் திங்கட்கிழமை எதுவும் போகவில்லை. நான்கு நாள் இருவரும் உட்கார்ந்து கோர்த்தார்கள். பொங்கல்வரை உள்ளவை புனேயிலிருந்து வந்தன. பிப்ரவரி பதினான்குக்குப் பிறகு சேர்த்தவை தொந்தரவில்லாமல் இருந்தன. நடுவில் ஒரு மாதம் மட்டும் இரண்டு பக்கத்திலும் சேராமல் நின்றது. அறுபத்தொரு சொல், அறுபத்தொரு பொருள். அவற்றைத் தனியே ஒரு தாளில் அச்சடித்து வீட்டுக்கு எடுத்துப் போனார் சீடர்.

ஐந்தாம் நாள் வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஜூன் 11-க்கு எதிரே பச்சை டிக் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில்: 'புனேயில் பதிவு ஆகவில்லை. ஆதலால் பிழைத்தோம்.'

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"ஒழுங்கா இருந்தது நான். என் நாலு நகலும் கெட்டுப்போச்சு. பொய் சொல்லிச் சோம்பேறியா இருந்தவகிட்ட இருந்தது தப்பிச்சுது. இதுல இருந்து நான் என்ன எடுத்துக்கறது? சோம்பேறித்தனம் நல்லதுன்னா?"

"உங்க பொண்ணு அடுத்த ஜூன்லயும் சோம்பேறியா இருப்பாங்கன்னு உத்தரவாதம் உண்டா சார்?"

"இருக்க மாட்டா. பயந்துட்டா. இனிமே அன்னைக்கே பதிஞ்சுடுவா."

"அப்ப அந்த வேலையை நீங்கதான் செய்யணும்." குரு ஒரு புதிய டிஸ்க்கை எடுத்து அவர் முன் வைத்தார். "மாசத்துக்கு ஒரு நகல். அதுக்கு மேல எதையும் பதியக்கூடாது. அடுத்த மாசம் வந்தா பக்கத்துல இன்னொண்ணு. பழசு பழசாவே இருக்கட்டும்."

"தப்பு தப்பாவே எழுதி வெச்ச பழைய நகலுமா?"

"இப்ப நீங்க தப்புன்னு நினைக்கறது நாளைக்கும் தப்பாத்தான் இருக்கும்னு என்ன நிச்சயம்?"

தட்சிணாமூர்த்தி இதைப் பச்சை மையில் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தார்.

"அறுபத்தொண்ணுல ஐம்பத்தெட்டு பொருந்திடுச்சு. எல்லாம் ஒரே ஆள் சொன்னது. கொளஞ்சின்னு பேரு. சின்னசேலம் பக்கம். தண்டவாளத்தை நடந்தே சோதிக்கற கீமேனா இருந்தவர். போன பொங்கல் கழிச்சு ரெண்டு நாள் போய், சாயங்காலம்வரை கூடவே இருந்து எழுதிட்டு வந்தேன். அவர் சொன்ன விதம் ஞாபகம் இருக்கு, அதனால பொருத்திட்டேன். மூணு மட்டும் உதைக்குது."

தாளின் அடியில் மூன்று சொற்கள் இருந்தன. பூனைக்கஞ்சி. எட்டாம் நம்பர். ஒத்தைச்செருப்பு. எதிரே மூன்று பொருள்கள். வண்டி போன பிறகு தண்டவாளத்தில் தங்கும் சூடு. பாலத்தின் நடுவில் நிற்கும்போது வரும் பயம். தனியாக நடக்கும் கீமேன் தன் சுத்தியலோடு பேசுவது.

குரு நெடுநேரம் பார்த்தார். "எதை எதோட சேர்த்தாலும் நல்லாத்தான் இருக்கு."

"அதுதான் கஷ்டம்."

"மூணுதானே சார். ஒன்பதாயிரத்துல மூணு. தோணினபடி போட்டு அனுப்பிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"கொளஞ்சிக்குத் தெரியும்," என்றார் தட்சிணாமூர்த்தி. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யூகம் பண்ணிப் போட்டா அது அகராதி இல்லம்மா. தவிர, இதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்பா இருக்க வழியே இல்ல. ரெண்டு சரின்னா மூணாவது தானா சரி. தப்புன்னா குறைஞ்சது ரெண்டு தப்பு."

"அவருக்கு போன் போட்டுக் கேளுங்களேன்."

"அவர்கிட்ட போன் இல்ல. மகன்கிட்ட இருக்கு. அதுல கேட்டா, எதுக்குய்யா இந்தக் கிறுக்குத்தனம்னு மகன் வெச்சுடுவான். நேர்லதான் போகணும். அவரோட நடந்துக்கிட்டே கேட்டாத்தான் வாயைத் திறப்பார்."

"எப்ப போறீங்க?"

"போகணும்." தாளைப் பழைய மடிப்பிலேயே கவனமாக மடித்தார். "இப்பதான் ஆடி பிறந்திருக்கு. வீட்டுல நல்ல காரியத்துக்குக் கிளம்பக்கூடாதுங்கறா. அதுக்குள்ள இந்தப் புது டிஸ்க் ஏற்பாட்டையெல்லாம் சரிபண்ணி, பதிவேட்டுக்குப் புதுசா பத்தி போட்டு, எல்லாத்தையும் ஒழுங்குக்குக் கொண்டு வந்துடறேன். ஆவணி முதல் வாரம் போய்ட்டு வந்துடலாம்."

"அவருக்கு என்ன வயசு சார்?"

"எண்பத்தி ரெண்டு."

குரு திருப்புளியைக் கீழே வைத்தார்.

"ஆவணின்னு அவரும் ஒத்துக்கிட்டாரா?"